பத்தொன்பதாம் ஓட்டை

குறை நினைக்காதேங்கோ தம்பி. உங்கட மடியில கிடக்கிற பெட்டியில கை வைச்சது களவெடுக்கிறதுக்கில்லை. டிரைவர் இப்ப ரண்டாம் கியரிலயிருந்து மூண்டாம் கியருக்கு மாத்தினவர். அந்த நேரம் என்ர கை தானாப் போட்டுது. மூண்டு வருசப் பழக்கம். கட்டையில போற வரைக்கும் மாறாது போல கிடக்கு.

உள்ளுக்க என்ன, கேக்கோ? பிள்ளைக்குப் பிறந்தநாளோ? சந்தோசம். கிளிநொச்சியில எந்த பேக்கரி? ஆ, அந்த பேக்கரி எண்டால் உங்கட கேக்குக்குள்ள கிடக்கிறது எங்கட முட்டை. பகிடி இல்லை, உண்மையாத்தான். பரந்தனில முட்டைத் தில்லை எண்டு கேட்டால் ஆரும் வழி காட்டுவினம். முழுப்பேர் தில்லைநாதன். எண்ணூறு கோழி. கோழி மனிசியின்ர பேரில, காணியும் அவவின்ர பேரில, பிக்கப்பும் அவவின்ர பேரில. ஆனா நிர்வாகம் நான்தான்.

இந்த பஸ் எல்லா இடமும் நிண்டு நிண்டுதான் போகும். நீங்கள் வவுனியாவோ? நானும் வவுனியாதான். அப்ப சொல்லிப்போடுறன், ஏன் என்ர கை இப்பிடிப் போகுது எண்டு. இல்லாட்டி நீங்கள் வழி நெடுக என்ர கையைத்தான் பாத்துக்கொண்டு வருவியள்.

எங்கட பிக்கப்புக்கு உங்கட வயசு இருக்கும். ஜப்பானில செய்தது. டீசல். பின்னுக்குப் பெட்டி, முன்னுக்கு ரண்டே ரண்டு சீட்டு. ஓட்டோ கியர். மூண்டு சில்லு ஓட்டோவைச் சொல்லேல்லை. கியர் தானா மாறும், கிளச் எண்டு ஒண்டு இல்லை, ஒரு காலால ஓடலாம். அந்தக் காலத்து டீசல் பிக்கப்பில ஓட்டோ கியர் தேடிப் பிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆறு மாசம் தேடினனாங்கள். ஏனெண்டால் மனிசிக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. கடைசிச் சண்டையில போனது. பொய்க்கால்தான் போட்டிருக்கிறா. நடக்கிறதைப் பாத்தால் கண்டுபிடிக்கமாட்டியள், அவ்வளவு வடிவா நடப்பா. ஆனா கிளச் மிதிக்கேலாது. எவ்வளவு மிதிச்சனான் எண்டு அந்தக் காலுக்குத் தெரியாதாம்.

லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில சோதினைக்கு வந்த ஐயா காலைப் பாத்திட்டு யோசிச்சவராம். இவ சொன்னாவாம், இந்த வாகனத்துக்கு ஒரு கால் காணும் ஐயா, மற்றது சும்மா கூட வாறது எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு ஓடச் சொன்னவராம். ஒரே தரத்தில சித்தி. சுகிர்தா எண்டு பேர். அமைதியான ஆள். ஆனா வாயைத் திறந்தால் இப்பிடித்தான்.

கூட வாறது எண்டால் நானும்தான் கூடப் போறனான். சும்மா இல்லை, வேலையோட. பின் பெட்டியில அறுபது தட்டு, கயிறு போட்டுக் கட்டி. ஒரு தட்டில முப்பது முட்டை. பேக்கரிக்குப் போற பெரிய முட்டை மட்டும் முன்னுக்கு, என்ர மடியில. அஞ்சு தட்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு. மேல்தட்டு என்ர நாடியில முட்டும். அந்தப் பழைய கியர்பொக்ஸ் ரண்டிலயிருந்து மூண்டுக்கு மாறேக்க ஒரு இடி இடிக்கும். மாறப்போற நேரம் அவவுக்குத் தெரியும். சத்தம் கொஞ்சம் ஏறுமாம். உடன "பிடியுங்கோ" எண்டுவா. நான் நாடியால ஒரு அமத்து, ரண்டு கையாலும் ஒரு அணைப்பு. முடிஞ்சுது, ஒரு முட்டையும் உடையாது. ஒரு நாளைக்கு எத்தினை தரம் "பிடியுங்கோ" எண்டு சொல்லியிருப்பா எண்டு நினைக்கிறியள்? கல்யாணம் கட்டின புதுசில கூட அப்பிடிச் சொன்னதில்லை.

முறிகண்டியில எல்லாரையும் போல நாங்களும் நிப்பாட்டுவம். பிள்ளையாருக்குத் தேங்காய், எங்களுக்குக் கச்சான் கடலை. அவவுக்குக் கச்சான் எண்டால் உயிர், ஆனா கோது உடைக்கிறது பஞ்சி. நான் மேல்தட்டிலை வைச்சு உடைச்சு உடைச்சு அவவின்ர கையில குடுப்பன். அவ றோட்டைப் பாத்தபடி வாயில போடுவா. வவுனியா போய்ச் சேர ஒரு கடதாசிச் சரை முடியும். அதுதான் எங்கட சீவியம் தம்பி. எனக்கு அதில ஒரு குறையும் இருக்கேல்லை.

போன மாரி முடியத்தான் வில்லங்கம் துவங்கினது. இடி வரவர உதையாப் போச்சு. பின் பெட்டியில ஒரு ஓட்டத்துக்கு ரண்டோ மூண்டோ உடையிறது வழமை. அது ஒன்பதாச்சு, பதினேழாச்சு. ஒரு நாள் நாப்பத்தொண்டு. நான் சும்மா இருக்கேல்லை, உடன நடவடிக்கை எடுத்தன். கோழிக்குச் சிப்பித்தூள் கூட்டிப் போட்டன். கோது மெல்லிசாப் போனால் முட்டை உடையும்தானே. நாலு கிழமை விடாமல் போட்டன்.

மனிசி ரண்டு வாளி எடுத்தா. முல்லைத்தீவுப் பக்கம் நேர் றோட்டில போய் வாற ஓட்டத்தில உடைஞ்சது ஒரு வாளிக்குள்ள. கிளிநொச்சி ரவுனுக்குள்ள நிண்டு நிண்டு போற ஓட்டத்தில உடைஞ்சது மற்ற வாளிக்குள்ள. ரவுன் வாளி நிறைஞ்சு கிடந்தது, மற்றதுக்கு அடி தெரிஞ்சுது. ரண்டு வாளியையும் கழுவுறது ஆர் எண்டு நான் கேட்டன். அவ சொன்னா, எந்த றோட்டால போறம் எண்டு கோழிக்குத் தெரியாது, கியருக்குத்தான் தெரியும் எண்டு. எனக்கு அண்டைக்கு அது விளங்கேல்லை. சிப்பித்தூளை மட்டும் நிப்பாட்டினன்.

பேந்து ஒரு நாள் இரணைமடுச் சந்தியில எஞ்சின் கத்துது, வாகனம் அசையேல்லை. உழவு இயந்திரத்தில கட்டி இழுத்துக்கொண்டு போய் நேசன்ர கராச்சில விட்டம். நேசன் திறமான மெக்கானிக். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழட்டுவான். ஆனா ஓட்டோ கியர் எண்டால் தூர நிண்டுதான் பாப்பான், பேய் பிடிச்ச பிள்ளையைப் பாக்கிற மாதிரி. பாத்துப்போட்டுச் சொன்னான், அண்ணை, இதுக்குச் சாமான் தேடி அலையேலாது, மனுவல் கியர் போடுவம், அது தாராளமாக் கிடக்கு, கிளச் வைச்சுத் தாறன், நீங்கள் ஓடுங்கோவன் எண்டு.

நீங்கள் ஓடுங்கோவன். அந்தச் சொல்லு இருக்கே தம்பி, நல்ல கள்ளு மாதிரி உள்ளுக்க இறங்கினது. எண்பத்தெட்டாம் ஆண்டிலயே உழவு இயந்திரம் ஓடினவன் நான். மூண்டு வருசம் இடப்பக்கச் சீட்டில இருந்தவனுக்கு வலப்பக்கம் ஒருக்கால் இருந்து பாக்க ஆசை வராதோ? ஆனா நான் அதைச் சொல்லேல்லை. நான் சொன்னது, ஓம், மனிசிக்கும் ஓய்வு வேணும்தானே எண்டு. அதுவும் உண்மைதான்.

அவவைக் கேக்கேல்லை. கேட்டால் வேண்டாம் எண்டுவா, பேந்து அது ஒரு கரைச்சல். செய்து முடிச்சுக் காட்டினால் சந்தோசப்படுவா எண்டு நினைச்சன். என்ன அப்பிடிப் பாக்கிறியள்?

சாமான் வந்த அண்டைக்கு அவ எனக்கும் நேசனுக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு கராச்சுக்கு வந்தா. மேசையில கிளச் மிதிக்கிற பெடல் கிடந்தது. கையில எடுத்துப் பாத்தா.

"இது ஆருக்கு?" எண்டா.

"எனக்கு" எண்டன்.

அவ்வளவுதான் கதை. பெடலை இருந்த இடத்தில வைச்சா. பக்கத்தில சாப்பாட்டுப் பார்சலை வைச்சா. போய் பஸ் ஏறிட்டா. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன், விசயம் அதோட முடிஞ்சிருக்கும். இது அப்பிடி இல்லை. ரண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை. சோறு போட்டுத் தந்தா, குறை சொல்லேலாது. கதை எல்லாம் கோழியோட. "ஐயா தண்ணி வைக்க மறந்திட்டார்" எண்டு கோழிக்குச் சொல்லுவா. நான் போய்த் தண்ணி வைப்பன்.

அந்த நாளெல்லாம் வியாபாரி ஒருவன் வந்துதான் முட்டை ஏத்தினவன். வாறன் எண்ட நேரத்துக்கு வரமாட்டான். இவ கேற்றில நிண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா. பிக்கப் வந்த பிறகு அவ ஒருத்தற்ர வரவையும் பாத்து நிண்டதில்லை தம்பி. மருந்து எடுக்கப் போறதெண்டாலும் சரி, தமக்கையின்ர வீட்டுக்குப் போறதெண்டாலும் சரி, வாகனத் திறப்பை எடுத்தா, போனா. இப்ப கேற்றுக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல்தான் நேசனிட்டப் போய்ச் சொன்னன், கிளச்சைத் திருப்பி அனுப்பு, ஓட்டோ கியரே போடுவம், கியர்ப் பெட்டியை நான் தேடித் தாறன் எண்டு.

இனித்தான் என்ர கெட்டித்தனம் வருது, கேளுங்கோ.

ஓட்டோ கியர் வாங்குறதெண்டால் முதல் என்ன கியர் எண்டு தெரியவேணும். ஒரே வாகனத்துக்கு மூண்டு நாலு விதமாப் போட்டிருப்பான் ஜப்பான்காரன். கதவுச் சட்டத்தில அடிச்சிருக்கிற தகட்டில நம்பர் தேய்ஞ்சு போச்சு. வாகனப் புத்தகத்தில வருசத்தைப் பாத்தால் ஒரு பெட்டியைச் சொல்லுது. ஆனா எங்களுக்கு முதல் வைச்சிருந்தவன் பெட்டியை மாத்தினானோ, அவனுக்கு முதல் வைச்சிருந்தவன் மாத்தினானோ, ஆருக்குத் தெரியும்? அப்ப என்ன வழி? பெட்டிக்கு அடியில ஒயில் நிக்கிற சட்டி ஒண்டு இருக்கு. அந்தச் சட்டியை எத்தினை போல்ட் பிடிச்சிருக்கு எண்டு எண்ணினால் காணும், ஆள் ஆர் எண்டு பிடிச்சிடலாம். இதை எனக்குச் சொன்னது புத்தளத்தில பழைய வாகனம் உடைச்சு விக்கிற ரமீஸ் நானா. முஸ்லிம் ஆக்கள் அண்ணையை நானா எண்டுதானே சொல்லுறவை. ரெலிபோனில சொன்னவர்.

நான் வாகனத்துக்குக் கீழ படுத்து எண்ணினன். பதினெட்டு. எழும்பித் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பப் படுத்து எண்ணினன். பதினெட்டு. மூண்டாம் தரம் விரலால தொட்டுத் தொட்டு எண்ணினன், பதினெட்டுத்தான். உப்பிடிக் கவனமா எண்ணுற ஆள் இந்தப் பக்கத்தில இல்லை. நானாவுக்கு எடுத்துச் சொன்னன். பதினெட்டெண்டால் சின்னப் பெட்டி, கைவசம் கிடக்கு எண்டார். லொறியில வந்து இறங்கினது.

நேசன் பழசைக் கழட்டிப் புதுசைத் தூக்கிப் பிடிச்சான். எஞ்சினோட பொருந்தேல்லை. வால் பக்கம் நாலு விரல்கடை கட்டை. சில்லுக்குப் போற தண்டு எட்டேல்லை. அண்ணை, இது வேற பெட்டி எண்டான். நான் சொன்னன், பதினெட்டு எண்டால் பதினெட்டுத்தான், நீ தண்டை நாலு விரல் நீட்டு எண்டு. நேசன் ரண்டு நாள் தலையைச் சொறிஞ்சான்.

மூண்டாம் நாள் மனிசி வந்து நிக்கிறா. ஆர் போய்ச் சொன்னதெண்டு இண்டை வரைக்கும் எனக்குத் தெரியாது. நேசன் சொல்லியிருக்கமாட்டான், அவன் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. குஞ்சு வாற கடதாசி மட்டைப் பெட்டி இருக்கெல்லோ, அதின்ர மூடியைக் கொண்டு வந்திருந்தா. என்னோட கதைக்கேல்லை. நேசனைக் கொண்டு பழைய பெட்டியைக் கவிட்டு வைப்பிச்சா. பொய்க்காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில நிலத்தில இருந்தா. துணியால சட்டியின்ர விளிம்பைச் சுத்தித் துடைச்சா. ஒரு மூலையில கொஞ்சம் கட்டியா மினுங்கினது. கொண்டை ஊசியை உருவி அதில குத்தினா. பொலுபொலு எண்டு உதிர்ந்தது. மணந்து பாத்திட்டுச் சொன்னா, சவர்க்காரம் எண்டு.

ஆரோ ஒரு காலத்தில ஒரு போல்ட் இல்லாமல் போக, ஒயில் ஒழுகாமல் இருக்கச் சவர்க்காரத்தை அடைஞ்சு விட்டிருக்கிறான். அதுக்கு மேல ஊத்தை பிடிச்சுச் சட்டியின்ர நிறமாவே போச்சு. அப்ப ஓட்டை பத்தொன்பது. எனக்குப் பக்கத்தில இருந்து, ரண்டு கிழமைக்குப் பிறகு, முதல் முதலா முகத்தைப் பாத்துச் சொன்னா.

"நீங்கள் போல்டை எண்ணினியள். நான் ஓட்டையை எண்ணினன்."

நீங்களே சொல்லுங்கோ தம்பி, எண்ணச் சொன்னால் ஆரும் இருக்கிறதைத்தானே எண்ணுவினம்? இல்லாததை என்னண்டு எண்ணுறது? இதில என்ர பிழை எங்க கிடக்கு? நேசனிட்டக் கேட்டன். அவன் வாய்க்குள்ள சிரிச்சுக்கொண்டு ஸ்பானர் தேடப் போயிட்டான்.

பேந்து அவ மட்டையை சட்டியின்ர விளிம்பில வைச்சு அமத்தி எடுத்தா. ஒயில் ஊறி, சட்டியின்ர வடிவம், பத்தொன்பது வட்டம், எல்லாம் அச்சொட்டா விழுந்திருந்தது. கத்தரிக்கோலால வெட்டினா. அடுத்த நாள் விடிய அந்த மட்டையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினா. நான் வாறன் எண்டு சொன்னன். கோழியை ஆர் பாக்கிறது எண்டா. அது எனக்குச் சொன்னதோ கோழிக்குச் சொன்னதோ தெரியேல்லை.

மிச்சம் ரமீஸ் நானா ரெலிபோனில சொன்னது. இருபத்தஞ்சு வருசமா இந்தத் தொழில் செய்யிறாராம், சட்டை தைக்க அளவு கொண்டு வாற மாதிரி மட்டை வெட்டிக்கொண்டு கியர்பொக்ஸ் வாங்க வந்த ஆளை இப்பத்தான் கண்டவராம். முத்தத்தில கிடந்த பெட்டி ஒவ்வொண்டுக்கும் மேல மட்டையை வைச்சுப் பாத்துக்கொண்டே போயிருக்கிறா. பன்னிரண்டு பெட்டி பிழை. பதின்மூண்டாவது பொருந்தினது. ஆனா அது எங்கட பழசு இல்லை, அதின்ர தம்பிக்காரன். அதே சட்டி, அதே நீளம், எஞ்சினோட அதே பொருத்தம், உள்ளுக்க மட்டும் பலம் கூட. பிறகு வந்த பெரிய வாகனத்துக்குச் செய்தது. நெடும் றோட்டில எஞ்சினும் சில்லும் வழுக்காமல் ஒண்டாப் பூட்டிக்கொண்டு ஓடுமாம். ஒயில் சூடாகாமல் இருக்க முன்னுக்குச் சின்ன ரேடியேற்றர் ஒண்டு தனிய வைக்கவேணும், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி ஒரு கூரை நசுங்கின வாகனத்தில கழட்டாமல் அப்பிடியே கிடந்தது, மட்டையை அடியில பிடிச்சுத்தான் பாத்தவவாம். எஞ்சின் ஓடுற நிலை. இவ நானாவைக் கேட்டிருக்கிறா, ரண்டிலயிருந்து மூண்டுக்கு மாறேக்க இடிக்குமோ எண்டு. நானா, சத்தியமா இடிக்காது எண்டிருக்கிறார். இவ சத்தியம் வேண்டாம் எண்டு போட்டுக் கைப்பையைத் திறந்து முட்டை ஒண்டை எடுத்தாவாம். வீட்டிலயிருந்து கடதாசியில சுத்திக் கொண்டு போயிருக்கிறா. ஒரு போத்தல் மூடியை டாஷ்போர்டில வைச்சு, அதுக்கு மேல முட்டையை நிப்பாட்டி, இனி ஓடுங்கோ எண்டிருக்கிறா. நானா பின்பக்கத்து மைதானத்தைச் சுத்தி மூண்டு தரம் ஓடினாராம், வேர்த்து விறுவிறுத்து. முட்டை விழேல்லை. நசுங்கின கூரைக்குள்ள குனிஞ்சு ஓடினதில அவற்ர கழுத்துத்தான் பிடிச்சுக்கொண்டது. முட்டையை அவருக்கே குடுத்திட்டு வந்திட்டா.

இப்பிடித்தான் நாங்கள் கியர்பொக்ஸை மேம்படுத்தினது. நான்தான் ஓட்டோ கியரே போடுவம் எண்டு முடிவெடுத்தது. மற்றதெல்லாம் ஓடித்திரியிற வேலைதானே.

நேசன் நாலு நாளில பூட்டி முடிச்சான். முன்னுக்கு ரேடியேற்றரும் வைச்சான். பத்தொன்பது போல்டையும் நான் பக்கத்தில நிண்டு எண்ணினன், ஓட்டை ஓட்டையா. முதல் ஓட்டம் வவுனியாவுக்கு. அறுபது தட்டு பின்னுக்கு, அஞ்சு தட்டு என்ர மடியில. நான் நாடியை வைச்சுக்கொண்டு ஆயத்தமா இருந்தன். கிளிநொச்சி போச்சு. முறிகண்டி போச்சு. அவ "பிடியுங்கோ" எண்டு சொல்லேல்லை. மாங்குளமும் போச்சு. என்ர கழுத்து விறைச்சுப் போச்சு. கடைசியில நானே கேட்டன், இன்னும் மூண்டாம் கியருக்கு மாறேல்லையோ எண்டு.

"எப்பவோ மாறிட்டுது" எண்டா.

நான் தட்டைப் பிடிச்சபடிதான் இருந்தன், வவுனியா வரைக்கும். பின்னுக்குப் போய்ப் பாத்தால் ஒரு முட்டை கூட உடையேல்லை. அவவின்ர முகத்தில அப்பிடி ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சன். சிரிக்காமல் என்ன செய்யிறது.

அடுத்த கிழமை அவ சொன்னா, இனி நீங்கள் வீட்டில நிண்டு கோழியைப் பாருங்கோ, உந்த இடப்பக்கச் சீட்டில எட்டுத் தட்டு வைக்கலாம் எண்டு. எட்டுத் தட்டெண்டால் இருநூற்று நாப்பது முட்டை. என்னை வைச்சுப் பாருங்கோ, அறுபத்தெட்டுக் கிலோ, ஒரு முட்டையும் இடமாட்டன். அவ சொன்னதில ஒரு பிழையும் இல்லை. அதுக்குப் பிறகு அவ தனியத்தான் போறா. வவுனியா போறா, போன கிழமை திருகோணமலைக்கும் போயிட்டு வந்தா. இருட்ட முதல் வீட்டை. நெடும் றோட்டில அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டு ஓடேக்க பாட்டுக் கேக்கலாமாம், எஞ்சின் சத்தமே இல்லையாம். எனக்கும் ஓய்வுதான். விடிய அவ ஏத்திக்கொண்டு வெளிக்கிடேக்க நான் கோழிக்கூட்டுக்குள்ள நிப்பன். கேற்று மூடுற சத்தம் கேக்கும்.

சந்தோசமோ எண்டு கேக்கிறியளோ? ஓய்வெண்டால் சந்தோசம்தானே.

இல்லைத் தம்பி. உங்களுக்கு ஏன் பொய் சொல்லுவான், வவுனியாவில இறங்கினால் நீங்கள் ஆரோ நான் ஆரோ. எனக்கு அந்தச் சீட்டு வேணும். வலப்பக்கம் வேண்டாம், அந்த ஆசை விட்டுப் போச்சு. இடப்பக்கம்தான் வேணும். "பிடியுங்கோ" எண்டு ஒரு குரல் கேக்கவேணும். நானே கியர்பொக்ஸ் மாத்தி என்ர சீட்டை இல்லாமல் பண்ணிப்போட்டன்.

என்ன? கிளச் விசயத்துக்கு மன்னிப்புக் கேட்டனானோ எண்டோ? மன்னிப்பென்ன மன்னிப்பு. அவ்வளவு பெரிய பெட்டி பூட்டிக் குடுத்திருக்கிறம், பேந்தும் வாயால சொல்லவேணுமோ? நாலு மாசமாச்சு. அவவும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. மறந்திருப்பா.

இண்டைக்கு நான் போறது கோழிக்குத் தடுப்பு மருந்து எடுக்க. இந்தப் பிளாஸ்கில ஐஸ் கிடக்கு. அவவும் இண்டைக்கு வவுனியாதான், முன்னுக்குப் போயிருப்பா. ஒரே இடத்துக்குத்தான் ரண்டு பேரும் போறம், பாத்தியளோ. சீட்டில எட்டுத் தட்டெல்லோ. அதுதான் நான் பஸ்ஸில.

முறிகண்டி வந்திட்டுது. பஸ் அஞ்சு நிமிசம் நிக்கும், சனம் இறங்கிக் கும்பிட்டு வரும். நீங்கள் இறங்கேல்லையோ? ஓம், கேக்கை விட்டிட்டு இறங்கேலாதுதான்.

பொறுங்கோ. யன்னல் உங்கட பக்கம். அந்த மரத்துக்குக் கீழ நிக்கிற வெள்ளைப் பிக்கப்பைப் பாருங்கோ. எங்கடதான். கிளிநொச்சி பேக்கரியளுக்கு இறக்கிப்போட்டு இப்பத்தான் வந்திருப்பா. பஸ்ஸிலயிருந்து பாத்தால் உள்ளுக்க வடிவாத் தெரியும். இடப்பக்கச் சீட்டில தட்டுக் கிடக்கோ எண்டு பாருங்கோ. எட்டு இருக்கவேணும்.

இல்லையோ? குனிஞ்சு பாருங்கோ தம்பி, கால் வைக்கிற இடத்திலயும். அங்கயும் இல்லையோ?

பின்னுக்குப் பாருங்கோ. ஓம், எனக்கும் தெரியுது. கயிறு கட்டின தட்டுகளுக்குப் பின்னால எட்டுத் தட்டு தனிய, படங்கு போத்து, இடுக்குக்குள்ள அடக்கி வைச்சிருக்கிறா. அப்பிடி அடுக்க எவ்வளவு மினக்கெட்டிருப்பா. முன்னுக்கு இவ்வளவு இடம் கிடக்க. சீட்டில என்ர சாக்கு மெத்தை. நாரி நோவுக்கு முதுகுக்குப் பின்னால வைக்கிறனான், நானே தைச்சது. அது அப்பிடியே கிடக்கு.

சீட்டில ஒண்டும் இல்லை எண்டு சொல்லாதேங்கோ தம்பி. அது என்ர இடம்.

அந்தா, கோயில் வாசலில நிக்கிறா, நீலச் சட்டை. கையில கச்சான் சரை. பாருங்கோ, உடைக்கேல்லை. எத்தினை சரை இப்பிடி உடைக்காமல் வீட்டை வந்திருக்குமோ, நான் பாக்கவுமில்லை, கேக்கவுமில்லை.

பிளாஸ்கை எடுத்துத் தாங்கோ. கொண்டக்டர் தம்பி, இறக்கம், கொஞ்சம் பொறும். ஓம், வவுனியாவுக்குத்தான் ரிக்கெற் எடுத்தனான், அது பரவாயில்லை. என்ன சொல்லப்போறன் எண்டோ? முதல் அந்தக் கிளச்சைப் பற்றிச் சொல்லவேணும். கேக்காமல் செய்தது பிழை எண்டு சொல்லவேணும். அவ மறந்திருக்கமாட்டா, அவ எதை மறந்தவ. அதுக்குப் பிறகு கச்சான் உடைக்கலாம்.

உங்கட பிள்ளைக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ. கேக்கை இனி நீங்கள்தான் பாக்கவேணும், இந்த டிரைவர் ரண்டிலயிருந்து மூண்டுக்கு மாத்தேக்க நல்லா இடிப்பார். காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டிருங்கோ. சத்தம் கொஞ்சம் ஏறும். அப்ப பிடியுங்கோ.